இருட்டில் வைத்த வைரங்கள்

நெவென்கா யுராகிச் எங்கள் ஆய்வு நிலையத்துக்கு வந்த முதல் ஆறு வருஷம், அவர் பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தரை துடைக்கிற அம்மா என்றுதான் சொல்வோம். நீல மேலங்கி, ரப்பர் காலணி, உருட்டிக்கொண்டு வரும் வாளி. நான் அந்தச் சமயத்தில்தான் முடுக்கி அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அயனிகளுக்கு வேகமேற்றி எதன்மேலாவது மோதவிடுகிற பெரிய உருளை இயந்திரம் அது. அதை ஓட்டுவது என் வேலை. என் பெயர் திஹோமிர். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் டாக்டர் வியெரான் ப்லாஷ்கோவிச்சின் அறைக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை உலோகப் பூச்சின்மேல் ஒட்டவைக்கிற இயந்திரம். வியெரான் அப்போதுதான் செயற்கை வைரத்தை வைத்துக் கதிர்வீச்சை அளக்கும் உணரிகள் செய்யத் தொடங்கியிருந்தார். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது ஒரு வைரத் தகடு. வெளிநாட்டில் வாயுவிலிருந்து வளர்த்து, அறுத்து, தீட்டி அனுப்புவார்கள். இரண்டு முகத்திலும் உலோகம் பூசி, மின்னழுத்தம் கொடுத்து வைத்தால், கதிர் உள்ளே பாயும்போதெல்லாம் ஒரு துளி மின்சாரம் கிளம்பும். அந்தத் துளியை வெளியே கொண்டுவரத்தான் கம்பி. அந்தக் கம்பி ஒட்டவில்லை.

மூன்று நாள் ஒட்டவில்லை. வியெரான் கோபக்காரர். நாலாம் நாள் அவர் இயந்திரத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை நான் எழுத முடியாது. நெவென்கா வாசலில் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்?" என்றார் வியெரான்.

"ஒண்ணும் வேண்டாம் டாக்டர். அடியில சூடு பத்தல."

"என்னது?"

"கம்பி ஒட்டுற எடத்துல அடித்தட்டு சூடா இருக்கணும். தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு. அப்புறம் அந்த ஊசி முனை தேஞ்சிருக்கு. சத்தத்துலயே தெரியுது."

வியெரான் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு துடைப்பத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

"பதினாறு வருஷம் டிரான்சிஸ்டர் பாக்டரில இதைத்தான் பண்ணேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு. யுத்தத்துல பாக்டரிய மூடிட்டாங்க."

நெவென்கா கையுறையைக் கழற்றி, கைகளை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உருப்பெருக்கியின் முன் உட்கார்ந்தார். அடித்தட்டைச் சூடாக்கச் சொன்னார். முனையை மாற்றச் சொன்னார். முதல் கம்பி நழுவியது. இரண்டாவது ஒட்டியது. மூன்றாவதை ஒட்டிவிட்டு, "கை மறக்கல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த மாதம் அவர் மேலங்கி வெள்ளையானது. வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் தொழில்நுட்ப உதவியாளர்.

எங்கள் ஊரில் பத்தரை மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு ஒரு சாப்பாடு சாப்பிடுவோம். கப்லெட்ஸ் என்று பெயர். அவரை அந்த மேசைக்கு நாங்கள் கூப்பிட்ட முதல் நாள், பாலாடைக்கட்டி வைத்து மடித்து அவித்த ஷ்ட்ருக்லி ஒரு பெரிய தட்டு நிறையக் கொண்டுவந்தார். சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்க ஆரம்பித்தார். அது பதினைந்து வருஷம் நிற்கவில்லை.

"பாக்டரில ஒட்டினேன், ஒட்டினேன், எதுக்குன்னு ஒருத்தனும் சொன்னதில்ல" என்பார். "கேட்டா, நெவென்கா, உன் வேலையப் பாருன்னுவான் மேஸ்திரி. இங்க கேக்கலாமில்ல?"

கேட்கலாம். வியெரானும் சொல்வார். கோபக்காரர்தான், ஆனால் யாராவது வைரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் சூப் ஆறிப்போவது தெரியாமல் பேசுவார். கதிர் உள்ளே போனதும் எதிர் மின்னூட்டமும் நேர் மின்னூட்டமும் பிரிகின்றன, ஒன்று இந்தப் பக்கத் தகட்டை நோக்கி ஓடுகிறது, மற்றது அந்தப் பக்கம் என்பார். வைரத்துக்குள் குறைகள் உண்டு, எங்கோ ஒரு அணு இடம் மாறி இருக்கும், எங்கோ ஒரு அணு இல்லாமலே இருக்கும், ஓடுகிற மின்னூட்டம் அங்கே மாட்டிக்கொள்ளும் என்பார். நூறு கிளம்பினால் அறுபது வந்து சேர்ந்தாலே எங்களுடைய தகடுகளுக்கு அது நல்ல தேர்ச்சி.

"மீதி நாப்பது?"

"உள்ளயே உக்காந்திருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"ரொம்ப நாளைக்கு" என்றார் வியெரான். அத்தோடு அன்றைய சாப்பாடு முடிந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதில்தான் அந்தக் கஷ்டம் வந்தது. கடற்கரை ஊர் மருத்துவமனை ஒன்றுக்கு நாங்கள் மூன்று உணரிகள் செய்து கொடுத்தோம். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது, கதிர்க்கற்றை பென்சில் அளவு மெல்லியதாக இருந்தால், சாதாரணக் கருவிகளால் அதைச் சரியாக அளக்க முடியாது. சின்ன வைரம் அளக்கும். எங்கள் அறையில் சோதித்தபோது மூன்றுமே அறுபதை ஒட்டி இருந்தன. மருத்துவமனையிலிருந்து ஒரு வாரத்தில் தொலைபேசி வந்தது. கருவி மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டுகிறது, அதுவும் ஆரம்பத்தில். போகப் போகக் கொஞ்சம் ஏறுகிறது என்றார்கள். நோயாளிகள்மேல் பயன்படுத்தும் முன்பே சோதனையில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வியெரானுக்கு முகம் செத்துப்போயிற்று.

உணரிகள் திரும்பி வந்தன. எங்கள் அறையில் காலையில் கதிரின் கீழ் வைத்தோம். மதியம் பார்த்தால் ஐம்பத்தெட்டு. பழுதே இல்லை. திருப்பி அனுப்பினோம். மறுபடியும் அதே தொலைபேசி.

"கம்பிதான்" என்றார் வியெரான். "லாரில குலுங்கினதும் ஒட்டு விட்டுப்போவுது. இங்க வந்து வச்சதும் ஒட்டிக்குது."

நெவென்கா அக்கா உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் ஒட்டு விடாது டாக்டர்."

"அப்ப எது விடுது? சொல்லுங்கம்மா. வைரமா விடுது?"

"தெரியல. ஆனா ஒட்டு விடாது."

மிச்சமிருந்த தகடுகளை எடுத்து, அவற்றில் தான் ஒட்டிய கம்பிகளை எடை தொங்கவிட்டு இழுத்து அறுத்துக் காட்டினார். ஒவ்வொன்றும் நடுவில்தான் அறுந்தது, ஒட்டிய இடத்தில் ஒன்றுகூட விடவில்லை. வியெரான் பார்த்தார். இருந்தாலும் அடுத்த தொகுதியின் கம்பி வேலையை ஜெர்மனியில் ஒரு கடைக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அக்காவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

அவர் அழுவார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பதுபோல் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்தார்.

"தம்பி, இங்க வா. இதைப் பாரு."

ஒவ்வொரு தகட்டுக்கும் அவர் குறிப்பு எழுதி வைத்திருந்தார். எந்த நாள், எத்தனை மணி, யார் அறையில் இருந்தார்கள், வெளியே மூடுபனியா வெயிலா. பாக்டரிப் பழக்கம் என்றார். ஒரு நாளில் ஆயிரத்து எண்ணூறில் எது கெட்டது என்று கண்டுபிடிக்க அதுதான் வழியாம்.

"காலையில மொத அளவு எப்பவும் கம்மி. மத்தியானம் சரியாயிடுது. மிஷின் சூடாகணும்னு டாக்டர் சொல்லுவாரு."

"ஆமா, எல்லா மிஷினும் அப்படித்தான்."

"சரி. இந்தச் செவ்வாக்கெழம பாரு. மத்தியானமே கம்மி. மிஷின் காலையிலேர்ந்து ஓடுது. இந்த வெள்ளிக்கெழமயும். இந்த ரெண்டு நாளும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? ரிப்போர்ட்டுக்குப் படம் வேணும்னு டாக்டர் கேட்டாரு. தகட்ட எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சு, அந்தப் பெரிய வளைய லைட்டப் போட்டுப் படம் எடுத்தேன். எடுத்து முடிச்சுத் திருப்பி வச்சேன்."

"படம் எடுத்தா வைரம் கெட்டுப்போயிடுமா?"

"கெடல. சாயங்காலம் திரும்ப ஏறிடுச்சு. அதான் எனக்குக் கொடையுது."

மறுநாள் எல்லோரும் கப்லெட்ஸுக்குப் போனபிறகு நாங்கள் இருவரும் அறையில் தங்கினோம். சோதனைக்கு எங்களிடம் ஸ்ட்ரோன்ஷியம் கதிர்மூலம் ஒன்று ஈயப்பெட்டியில் இருக்கும். அதன் கீழே தகட்டை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தோம். ஐம்பத்தெட்டு. எடுத்து, மூடிபோட்ட பிஸ்கட் டப்பாவில் அரை மணி வைத்துத் திரும்ப அளந்தோம். ஐம்பத்தெட்டு. எடுத்து வளைய விளக்கின் கீழே இருபது நிமிஷம் வைத்தோம். அளந்தோம்.

முப்பத்தெட்டு.

அக்கா மறுபடி செய்யலாம் என்று சைகை காட்டினார். கதிரின் கீழ் வைத்தால் ஏறியது. டப்பாவில் வைத்தால் அப்படியே இருந்தது. விளக்கில் காட்டினால் விழுந்தது. மூன்று நாள் கப்லெட்ஸ் இல்லாமல் ஒன்பது தடவை செய்தோம்.

நாலாம் நாள் அவர் ஒரு பையிலிருந்து கிறிஸ்துமஸ் மரத்து விளக்குச் சரத்தை வெளியே எடுத்தார். அக்டோபர் மாதம் அது. நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத. வீட்டுப் பரண்ல ஷ்டெஃபை ஏத்தி எடுத்துட்டு வந்திருக்கேன். அவருக்கு முட்டி வலி." ஷ்டெஃப் அவர் கணவர், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். "எந்தக் கலரு பண்ணுதுன்னு பாக்கணும்."

சிவப்பு பல்புகளை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடினார். அதன் கீழ் தகட்டை வைத்தோம். கொஞ்சம்தான் இறங்கியது. பச்சையில் அதைவிட அதிகம். நீலத்தில் விழுந்தே விட்டது. அவர் நோட்டில் மூன்று வரி எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தந்த நிறப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

வியெரானைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்த நோட்டைக் காட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"டாக்டர்? தப்பா ஏதாச்சும்?"

"தப்பு இல்ல. எனக்குத் தெரியும்மா இது. என் டாக்டர் பட்டத்துக்கு எழுதின புத்தகத்துல ஒரு அத்தியாயமே இதைப் பத்தி இருக்கு. கதிர் பட்டா குறைகள் எல்லாம் நெரம்பிடும், அப்புறம் வர்ற மின்னூட்டம் மாட்டாம நேராப் போயிடும். வெளிச்சம் பட்டா மாட்டினதெல்லாம் கழண்டு வந்து, குறைகள் திரும்பக் காலியாயிடும். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா என் கம்பியக் குத்தம் சொன்னீங்க?"

வியெரான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அத்தியாயம் தெரியும். இந்த லைட்டு தோணல."

மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தோம். பெட்டியைத் திறந்ததும் என்ன செய்வீர்கள் என்று அக்கா கேட்கச் சொன்னார். அங்கிருந்த இயற்பியலாளர் அம்மா விளக்கமாகச் சொன்னார். வெளியே எடுத்து, மேசை விளக்கின் கீழ் வைத்து, கீறல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, சிகிச்சை மேசையில் பொருத்துவார்களாம். அறை விளக்கெல்லாம் எரியுமாம். பிறகு உடனே அளப்பார்களாம். முதலில் அரை மணி நேரம் கதிரில் வையுங்கள், அதன்பின் வெளிச்சம் படாமல் அளந்து பாருங்கள் என்றோம். மறுநாளே அளவு சரியாக வந்தது.

வியெரான் ஜெர்மனிக் கடையை விட்டுவிட்டார். மன்னிப்பு அவருக்கு வாயில் வரவில்லை. சமோபோர் ஊருக்குப் போய் கிரேம்ஷ்னிதா என்கிற கஸ்டர்ட் கேக்கை ஒரு பெட்டி முழுக்க வாங்கிவந்து, உருப்பெருக்கியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதை எல்லோருக்கும் பங்கிட்டார். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார். டிசம்பரில் ஒப்பந்தம் நிரந்தர வேலையானது. அந்தச் செய்தியைக் கேட்டபோதும் அவர் அழவில்லை. உடம்பு முழுக்க ஒருமுறை நடுங்கியது, அவ்வளவுதான். "பாக்டரில கடைசி நாளு கூட்டமா வெளிய அனுப்பினப்போ இப்படித்தான் நடுங்குச்சு. அதே நடுக்கம், வேற விஷயத்துக்கு" என்றார்.

அதன் பிறகு அவர் இருட்டுக்குக் காவலாளி ஆகிவிட்டார். வைர வேலை நடக்கும் அறையின் ஜன்னல்களுக்கு இரண்டு அடுக்குக் கறுப்புத் துணி தைத்து மாட்டினார். கதவைத் தட்டாமல் திறந்தால் கத்துவார். ஒருநாள் இயக்குநரைப் பார்த்தே கத்திவிட்டார். நாங்கள் அவருக்கு வௌவால் அம்மா என்று பெயர் வைத்தோம். அது அவர் காதுக்கும் போயிற்று, பொருட்படுத்தவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வைரங்கள் என்னுடைய முடுக்கிக்கு வந்தன. இந்தத் தடவை கதிர்மூலம் இல்லை, அயனிக் கற்றை. ஸ்லோவேனியாவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூன்று நாள்தான் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தோம். முதல் நாள் காலை அளவு பிரமாதமாக ஆரம்பித்தது. அரை மணியில் முக்கால்வாசிக்கு வந்தது. ஒரு மணியில் பாதி.

"வெளிச்சம் எங்கயோ உள்ள போவுது" என்றார் அக்கா. கற்றை பாயும் உருளைக் கூட்டின் ஒவ்வொரு கண்ணாடித் துளைக்கும் அலுமினியத் தாள் சுற்றினார். மறுபடி பார்த்தோம். இன்னும் வேகமாக விழுந்தது.

ஸ்லோவேனியாக்காரர்களுக்கு முகம் தொங்கிவிட்டது. அயனிகள் இடித்து வைரம் சேதமாகிறது என்று வியெரான் சொன்னார். இரண்டாம் நாள் புதுத் தகடு மாற்றினோம். அதுவும் பாதிக்கு வந்தது. அக்கா கூட்டின்மேல் தன் குளிர்கால மேல்கோட்டையே போர்த்தினார்.

மூன்றாம் நாள் காலை, கற்றை எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. மின்னழுத்தத்தை நிறுத்தி, ஒரு துளையின் தாளைக் கிழித்து, உள்ளே இருந்த கேமரா விளக்கைப் போட்டேன். பார்த்தேன். அணைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை, சொன்னால் என்ன கிடைக்கும் என்று தெரியும். அழுத்தத்தைக் கொடுத்துக் கற்றையை விட்டோம். அளவு முழுசாக இருந்தது. முதல் நாள் காலை இருந்ததே, அது.

அக்கா திரையைப் பார்த்தார். கிழிந்த தாளைப் பார்த்தார்.

"யாரு லைட்டப் போட்டது?"

"நான்தான்."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். மன்னிச்சுக்கங்க அக்கா, கற்றை எங்க..."

"மன்னிப்ப அப்புறம் கேளு. இப்ப விழுவுற வரைக்கும் பாரு. விழுந்ததும் அதே மாதிரி ரெண்டு நிமிஷம் போடு."

ஒரு மணி நேரத்தில் பாதிக்கு விழுந்தது. அழுத்தத்தை நிறுத்தி விளக்கைப் போட்டேன். மறுபடி முழுசாக எழுந்தது. ஸ்லோவேனியாக்காரர்களில் ஒருவர் கைதட்டினார். அக்கா கைதட்டவில்லை. தன் மேல்கோட்டைக் கூட்டிலிருந்து எடுத்து, தூசு தட்டி, கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"டாக்டர், எனக்குப் புரியல. அங்க வெளிச்சம் கெடுத்துச்சு. இங்க வெளிச்சம் சரி பண்ணுது. ஒரே வைரந்தானே?"

வியெரான் சுவர்ப் பலகையில் படம் போட்டார். ஸ்ட்ரோன்ஷியம் கதிர் தகட்டை ஊடுருவிப் போகிறது. இரண்டு வகை மின்னூட்டமும் எல்லா இடத்திலும் பிரிகிறது, எல்லா இடத்திலும் சமமாக மாட்டுகிறது. அதனால் நிரம்புவது நல்லது. அயனி அப்படி இல்லை, முன்முகத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஒரு வகைதான் முழுத் தகட்டையும் கடந்து ஓடவேண்டும். வழியில் மாட்டுவதும் அந்த ஒரு வகைதான். மாட்டியதெல்லாம் ஒரே குணம் என்பதால், சேரச் சேரப் பின்னால் வருவதை எதிர்த்துத் தள்ளுகிறது. நாம் வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தத்தையே அது தின்றுவிடுகிறது. வெளிச்சம் அதைக் கலைத்துவிடுகிறது.

மாலையில் அக்காவை அழைத்துப்போக ஷ்டெஃப் வந்திருந்தார். அவரிடம் அக்கா இதைச் சொன்னார், எனக்கு எதிரிலேயே. ஷ்டெஃப் முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டியவர்.

"இதுல என்ன புரியாம இருக்கு?" என்றார். "மொத வைரத்துல சீட்டெல்லாம் நெரம்பிடுச்சு, அதுக்கப்புறம் ஏறுறவன் உக்கார எடம் தேடாம நேராக் கடைசி வரைக்கும் போயிடறான். இது வேற கேஸு. இவனுங்க கதவுகிட்டயே நிக்கிறவனுங்க. உள்ள போக மாட்டான், எறங்கவும் மாட்டான், வர்றவனையும் ஏற விட மாட்டான். எத்தனை பேரப் பாத்திருக்கேன். எல்லாரையும் எறக்கி விட்டாத்தான் வண்டி நகரும்."

"அப்ப உங்க வண்டில லைட்டப் போட்டா எறங்குவாங்களா?"

"பழுதுன்னு சொல்லி லைட்ட அணைச்சா எறங்குவாங்க."

வியெரான் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வருஷம் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது கதவுகிட்ட நிற்பவர்களைப் பற்றிச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அக்கா நோட்டில் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். "நான் எல்லாத்துக்கும் இருட்டு என்றேன். பாதி தப்பு." தேதியும் போட்டிருந்தார். ஸ்லோவேனியாக்காரர்களோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர் பெயர்களில் ஒன்றாக வந்தது. நான்காவது பெயர். என் பெயர் ஐந்தாவது. அதை வைத்து ஒரு வருஷம் என்னைக் கிண்டல் செய்தார்.

அறுபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றார். விடைபெறும் நாளில் என்ன வேண்டும் என்று வியெரான் கேட்டார். கடிகாரம், சுற்றுலா, ஏதாவது சொல்வார் என்று பார்த்தோம்.

"வேலைக்கு ஆகாத ஆறு தகடு இருக்குல்ல, ஓரம் ஒடைஞ்சது. அதைக் குடுங்க. வீட்டுக்கு இல்ல, இங்கயே இருக்கட்டும். ரொம்ப நாளைக்கு உக்காந்திருக்கும்னு ஒரு நாள் சொன்னீங்களே. ரொம்ப நாள்னா எத்தனை நாளு?"

வியெரான் தலையைச் சொறிந்தார். "கோட்பாடுப்படி பாத்தா..."

"கோட்பாடு இல்ல டாக்டர். பாத்தது."

மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள், அதற்குமேல் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரென்று தனக்குத் தெரியாது என்று வியெரான் ஒப்புக்கொண்டார். அக்கா திட்டத்தோடுதான் வந்திருந்தார். ஆறு தகடுகளையும் கதிரில் வைத்து நிரப்பி, ஆறு சின்னத் தகர டப்பாக்களில் தனித்தனியாக மூடினார். ஒரே தகட்டைத் திரும்பத் திரும்ப அளக்கலாமே என்று நான் கேட்டேன்.

"அளக்கணும்னா கதிர்ல வைக்கணும். கதிர்ல வச்சா கொஞ்சம் நெரம்பிடும். நாம பாக்கப் பாக்க நாமளே ரொப்பிட்டிருப்போம். அதனால ஒவ்வொண்ணையும் ஒரு தடவதான் தொறக்கலாம்."

ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம், இரண்டு, நான்கு, எட்டு. ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் திறக்கவேண்டிய தேதியை எழுதினார். எட்டாம் வருஷம் அவருக்கு எழுபத்து மூன்று ஆகும்.

குறித்த நாள்களில் டிராம் பிடித்து வந்தார். மஞ்சள் விளக்கு ஒன்றை மங்கலாகத் தூரத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் டப்பாவைத் திறப்போம். ஒரு மாதத்துத் தகட்டில் மாற்றமே இல்லை. ஆறு மாதத்ததிலும் இல்லை. ஒரு வருஷத்ததில் நூற்றுக்கு ஒன்று குறைந்திருந்தது. அது அளவுப் பிழையாகவும் இருக்கலாம். இரண்டு வருஷத்தது மூன்று குறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"கிளம்பிட்டான் பாரு ஒருத்தன்" என்றார்.

நாலு புள்ளிகளை வைத்து மீதிக் கோட்டை இப்போதே போட்டுவிடலாம் என்றார் வியெரான். "கோடு நீங்க போடுங்க. நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாயிரத்து இருபது, பிப்ரவரி.

அடுத்த மாதம் தொற்றுக்காக ஊரை அடைத்தார்கள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி இருக்கும், நிலநடுக்கம் வந்தது. என் கட்டிலே சுவரைவிட்டு விலகி நின்றது. எல்லோரும் படுக்கை உடையோடு தெருவில் நின்றோம். அதன்மேல் பனியும் பெய்தது. மறுநாள் முடுக்கியைப் பார்க்க எனக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். முடுக்கி தப்பித்திருந்தது. வைர அறையில் அலமாரி கவிழ்ந்து கிடந்தது. கறுப்புத் துணி மாட்டிய கம்பி பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது, ஜன்னல் வழியே பனி வெளிச்சம் தரையெல்லாம் பரவியிருந்தது. அந்த வெளிச்சத்தின் நடுவில் ஒரு டப்பா மூடி இல்லாமல் கிடந்தது. இன்னொன்று சுவரோரம்.

அக்காவுக்குத் தொலைபேசி செய்தேன். முதலில் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். புகைபோக்கி விழுந்துவிட்டது, ஷ்டெஃப் நல்லபடி இருக்கிறார், கூரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்றார். பிறகு நான் சொன்னேன்.

"ரெண்டுமா தொறந்துடுச்சு?"

"நாலு வருஷத்தது தொறந்துதான் கெடக்கு. எட்டு வருஷத்தது மூடி இருக்கு. ஆனா கோணலா இருக்கு அக்கா. வெளிச்சம் போயிருக்குமா இல்லையான்னு சொல்ல முடியல."

"கோணல்னா தொறந்த மாதிரிதான். சந்தேகமா இருக்கறத எழுத முடியாது."

மறுமுனையில் பின்னால் யாரோ ஓடுகளைப் பொறுக்கிப் போடும் சத்தம் கேட்டது. இரண்டு வருஷம் காத்திருந்தது இரண்டு நொடியில் போனது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தம்பி, ஸ்ட்ரோன்ஷியம் பொட்டி நல்லா இருக்கா?"

"இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகல."

"அப்ப ஊரைத் தொறக்கட்டும், நான் வர்றேன். ரெண்டையும் திரும்ப ரொப்பணும். இந்தத் தடவ டப்பாவ கீழ்த்தட்டுல வைக்கலாம். மூடிக்கு ரப்பர் வளையம் போடணும், ஊறுகா பாட்டிலுக்குப் போடுற மாதிரி."

"எத்தனை வருஷத்துக்கு வைக்கிறது?"

கொஞ்சம் யோசித்தார்.

"நாலும் எட்டுந்தான். அதை மாத்தினா கோட்டுல எங்க வைக்கிறது?"

ஜூன் மாதம் முகக்கவசத்தோடு வந்தார். பையில் ரப்பர் வளையங்கள் இருந்தன.